உறைநிலம் இளகும்போது மலைச்சாலைக்கு என்ன ஆகும்? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

லடாக்கிலும் சிக்கிமிலும் சாலை வேலைக்கும் ராணுவத்துக்கும் போயிருக்கும் பிள்ளைகளின் வீட்டார் பலர் இம்முறை எழுதியிருக்கிறீர்கள். உயரமான மலைகளில் பல நூறு ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் நிலம் இப்போது இளகுவதைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

*ஐயா, பனிமலை என்றால் மேலே பனி இருக்கும், அது தெரியும். நிலமே உறைந்திருக்கும் என்கிறார்களே, எந்த உயரத்தில்? நம் இமயமலையிலும் உண்டா?*
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்யம் டிகிரி அல்லது அதற்குக் கீழேயே இருக்கும் மண்ணோ பாறையோ உறைநிலம், அதாவது பெர்மாஃப்ராஸ்ட். மேலே பனி இருக்க வேண்டும் என்பதில்லை. புல்பூண்டு இல்லாத வெறும் பாறையாக, வெயிலில் காய்ந்து கிடப்பதுபோலத் தெரியும் சரிவின் உள்ளேயும் அது இருக்கும். படம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் தெரு போர்வெல் தண்ணீர் சித்திரையிலும் மார்கழியிலும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் நிலம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். மலையிலும் இதே விதிதான். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம், ஆண்டுச் சராசரி 6 டிகிரி அளவில். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்று சுமார் 6.5 டிகிரி குளிரும். ஆக 5,000 மீட்டரில் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே 4 டிகிரிக்குப் பக்கம். அங்கே பெரும்பாலும் நிலம் உறைந்தே இருக்கும். கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர், உம்லிங் லா சாலை 5,798 மீட்டர். வெயில் நேராக விழும் தெற்குப் பார்த்த பாறை காற்றைவிடச் சூடாக இருப்பதால் அங்கே உறைநிலம் இன்னும் சில நூறு மீட்டர் மேலேதான் தொடங்கும். வடக்குச் சரிவில் அதற்குக் கீழேயே தொடங்கிவிடும். ஆல்ப்ஸ் மலையில் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்.

கோடையில் மேற்பரப்பு மட்டும் இளகிக் குளிரில் மறுபடி உறையும். இந்த மேல் அடுக்கு மண் சரிவில் ஒன்றிரண்டு மீட்டர் இருக்கலாம், வெயில் படும் பாறையில் அதற்கும் மேல். ஆண்டுக்கு ஆண்டு இந்த அடுக்கு தடித்துக்கொண்டே போகிறது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

*மீன் ஏற்றுமதி கம்பெனியில் ஃப்ரீசர் பகுதியில் வேலை. மைனஸ் ஒன்றில் இருந்தாலும் ஐஸ் ஐஸ்தானே? உருகினால்தானே மலை சரியும்?*
– காசிமேடு

நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கும் இறால் பிளாக்கையே நினைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 18-ல் அதைத் தரையில் போட்டால் கல் விழுந்த சத்தம் கேட்கும். மைனஸ் ஒன்றுக்கு வந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகாமலேயே கை அழுத்தத்தில் பிரியத் தொடங்கும். பாறை வெடிப்புகளுக்குள் இருக்கும் ஐஸும் அப்படித்தான். குளிர் குறையக் குறைய அது மெதுவாக நெளியத் தொடங்குகிறது, பாறைச் சுவரோடு இருக்கும் ஒட்டு விடுகிறது. ஐஸ் நிரம்பிய வெடிப்புகளை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகள் 2001-ல் வெளியாயின. பூஜ்யத்துக்கும் மைனஸ் 1.5-க்கும் இடையில், முழுக்க இளகிய நிலையைவிடக்கூடச் சரிவு பலவீனமாக இருக்க முடியும் என்று அவை காட்டின. எனவே பூஜ்யத்தைத் தொடவில்லை, பயமில்லை என்று எந்தப் பொறியாளரும் எழுதிக் கொடுக்கக் கூடாது. உயர்மலை உறைநிலத்தில் ஆபத்தான பகுதி பூஜ்யத்துக்குக் கீழே உள்ள அந்தக் கடைசி இரண்டு டிகிரிதான்.

2007-க்கும் 2016-க்கும் இடையில் உலகெங்கும் உள்ள ஆழ்துளை அளவீடுகளில் உறைநிலம் சராசரியாக 0.29 டிகிரி சூடானது. மலைப்பகுதிகளில் மட்டும் பார்த்தால் 0.19 டிகிரி. இதைச் சின்ன எண் என்று ஒதுக்க வேண்டாம். பல மலைச் சரிவுகள் ஏற்கெனவே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டில்தான் நிற்கின்றன. மேலும் பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் தெர்மாமீட்டர் நம்மை ஏமாற்றும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் போதும். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோ ஜூல் வேண்டும், சுமார் 80 மடங்கு. அதனால் ஐஸ் அதிகமுள்ள நிலம் பூஜ்யத்தின் அருகே வருடக்கணக்கில் அசையாமல் நிற்பதுபோலக் காட்டும். உள்ளே வரும் வெப்பம் முழுவதும் அப்போது ஐஸை உருக்குவதற்குத்தான் செலவாகிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தண்ணீர். வெடிப்புக்குள் ஐஸ் அடைத்திருந்தவரை மழைநீர் உள்ளே போகவில்லை. அடைப்பு விட்டதும் இறங்குகிறது. வெளியேற வழியில்லாமல் தேங்கி உள்ளிருந்து அழுத்துகிறது. தண்ணீர் சுமந்து போகும் வெப்பம், பாறை வழியாகக் கடத்தப்படும் வெப்பத்தைவிட மிக வேகமாக ஆழத்துக்குப் போய்விடும். குளிரில் மறுபடி உறையும்போது 9 சதவீதம் விரிந்து வெடிப்பை இன்னும் அகட்டும்.

2003 ஜூலையில் ஐரோப்பா வெயிலில் வெந்தபோது மேட்டர்ஹார்ன் சிகரத்தில் பாறை பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த இடத்தில் பளபளவென்று ஐஸ் தெரிந்தது. 2017 ஆகஸ்ட் 23 அன்று சுவிட்சர்லாந்தின் பிட்ஸ் செங்காலோவிலிருந்து சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை இறங்கி, மலையேறிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். சேறும் கல்லும் கீழே போண்டோ கிராமத்துக்குள் புகுந்தன. 2023 ஜூனில் ஆஸ்திரியாவின் ஃப்ளுக்ட்ஹார்ன் மலையின் ஒரு உச்சியே உடைந்து போனது.

*என் தம்பி லடாக்கில் சாலை கான்ட்ராக்டில் இருக்கிறான். எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.*
– ஒரு அக்கா, வியாசர்பாடி

தம்பியிடம் முதலில் சொல்ல வேண்டியது நேரத்தைப் பற்றி. கோடையில் கல் விழுவது பிற்பகலில் கூடும், மழை பெய்த பிறகு கூடும். இரவிலும் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் மூன்று நான்கு நாள் தொடர்ந்தால் சரிவின் அடியில் கூடாரம் போடவோ இயந்திரம் நிறுத்தவோ கூடாது. ஆனால் செப்டம்பர் வந்துவிட்டது, குளிர ஆரம்பித்துவிட்டது, இனி தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். மேற்பரப்பின் கோடை வெப்பம் பாறைக்குள் பத்து மீட்டர் இறங்க ஏறக்குறைய ஐந்தாறு மாதம் ஆகும். மேலே உறைபனி கொட்டும்போது உள்ளே அந்த ஆண்டின் அதிகபட்ச வெப்பம் இருக்கும். பெரிய சரிவுகள் குளிர்காலத்திலும் வரும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள்: இதுவரை காய்ந்திருந்த சரிவில் புதிதாக ஊற்று வருவது, தெளிவாக வந்த ஊற்று கலங்குவது, சின்னக் கற்கள் விழும் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடுவது, மின்கம்பம் அல்லது தொலைபேசிக் கம்பம் சாய்வது, தடுப்புச் சுவரில் படிக்கட்டு வடிவத்தில் விரிசல். விரிசலின் இருபுறமும் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து இடைவெளியை வாரம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து தேதியோடு எழுதினால் போதும். வேகம் கூடுகிறதா என்பதே கேள்வி. வாரம் ஒரு மில்லிமீட்டர் விரிந்தது அடுத்த வாரம் மூன்று, அதற்கடுத்த வாரம் எட்டு என்று போனால் அளப்பதை நிறுத்திவிட்டு ஆட்களை உடனே அங்கிருந்து வெளியேற்ற வேண்டும்.

சாலையைப் பொறுத்தவரை, ஓரத்துக்கு இணையாக நீளவாக்கில் ஓடும் விரிசல்தான் உறைநிலச் சாலையின் தனி அடையாளம். சாலையின் நடுப்பகுதி கெட்டியாக நிற்க, ஓரம் இளகித் தாழ்வதால் வருவது அது. தார் ஊற்றி அடைத்தால் அடுத்த கோடையில் மறுபடி திறக்கும். காரணம் பெரும்பாலும் ஓரத்தில் தேங்கும் தண்ணீர், அல்லது நாமே குவித்த பனி. புல்டோசரால் தள்ளிய பனியை எப்போதும் ஒரே ஓரத்தில் மலைபோலக் குவிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தடித்த பனி போர்வையாகி மைனஸ் 20 குளிர்காற்றை நிலத்துக்குப் போகவிடாமல் தடுத்துவிடும். குளிர்காலத்தில் நிலத்தைக் குளிர விடுவதுதான் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சை. அந்தப் பனி வசந்தத்தில் உருகி அதே ஓரத்தில் தேங்கவும் செய்யும். எனவே பனியைப் பள்ளத்தாக்குப் பக்கம், சாலைக்கரையின் அடியையும் தாண்டித் தள்ளிவிட வேண்டும். மலைப்பக்க வடிகாலில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா, சிறுபாலக் குழாய்களில் ஐஸ் அடைத்திருக்கிறதா என்று உருகும் பருவம் தொடங்குவதற்கு முன்பே பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

தங்கும் கொட்டகை பற்றி ஒன்று. குளிர்காயும் புகாரி அடுப்பு எரியும் அறையின் தரை நேராக நிலத்தில் உட்கார்ந்திருந்தால், இரண்டு மூன்று குளிர்காலத்தில் அறையின் நடுவே தரை தாழும், கதவு சிக்கும். தரையைத் தூண்களில் தூக்கி, கீழே அரை மீட்டராவது காற்றோட்டம் விட வேண்டும். குளிருக்காக அந்த இடைவெளியைச் சாக்கால் அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் தூக்கியதே வீண். தரைப் பலகைக்கு மேலே கனமான இன்சுலேஷன் போடுங்கள், கீழே காற்றை விடுங்கள். குளியல் தண்ணீரையும் சமையல் கழிவுநீரையும் கொட்டகைக்கு அடியில் விடவே கூடாது.

*எங்கள் கோல்ட் ஸ்டோரேஜில் மைனஸ் 20 அறையின் தரை நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ரேக் சாய்கிறது. நீங்கள் எழுதும் விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?*
– மாதவரம்

நேரான தொடர்பு. அங்கே உறைந்த நிலம் இளகுகிறது, உங்களிடம் இளகிய நிலம் உறைகிறது. தரை இன்சுலேஷனில் ஈரம் புகுந்தாலோ அதன் இணைப்புகள் விட்டாலோ, குளிர் மெல்ல அடியில் இறங்கிக் களிமண்ணை உறைய வைக்கும். உறையும் முகப்பு, கீழேயுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்துக்கொண்டே இருக்கும். அடுக்கடுக்காக ஐஸ் படலம் வளர்ந்து கான்கிரீட்டையே தூக்கும். நம் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் அதற்குத் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை.

தரைக்கு அடியில் காற்றோட்டக் குழாய்களோ கிளைகால் (glycol) என்ற உறையாத திரவம் ஓடிச் சூடாக்கும் குழாய்களோ இருக்கின்றனவா என்று கட்டட வரைபடத்தில் முதலில் பாருங்கள். காற்றோட்டக் குழாயின் இரு வாயும் பல இடங்களில் மழைநீர், சேறு, எலிவலை என்று அடைந்து கிடக்கும். அடைப்பு எடுத்தாலே புடைப்பு வளர்வது நின்றுபோகலாம். அவசரப்பட்டு அறையை நிறுத்திச் சூடேற்ற வேண்டாம். ஐஸ் சட்டென்று உருகினால் தரை சமமில்லாமல் தாழ்ந்து உடையும். ரேக்குகளைக் காலி செய்துவிட்டு, அடியில் சென்சார் வைத்து, மாதக்கணக்கில் மெதுவாக இளக்க வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் உடனிருக்க வேண்டிய வேலை இது.

*திபெத் ரயில் பாதையோரம் அமோனியா நிரப்பிய குழாய்களை நட்டிருக்கிறார்களாம். 2023 டிசம்பரில் இங்கே அமோனியா கசிந்து நாங்கள் பட்ட பாடு போதும். அதைப் போய் மலையில் வைப்பதா?*
– எண்ணூர்

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இங்கே அளவும் அமைப்பும் வேறு. ஒவ்வொரு குழாயும் தனித்தனியே வெல்டு செய்து மூடப்பட்டது, உள்ளே இருப்பது கொஞ்சமான திரவம். ஒன்று கசிந்தால் அந்த ஒன்றோடு முடிந்தது.

மோட்டாரோ மின்சாரமோ அதற்கு வேண்டாம். குழாயின் பாதி நிலத்துக்குள், பாதி வெளியே. குளிர்காலத்தில் வெளிக்காற்று நிலத்தைவிடக் குளிர்ந்ததும், அடியில் உள்ள அமோனியா நிலத்தின் வெப்பத்தை எடுத்து ஆவியாகி மேலே போகும். மேலே காற்றில் குளிர்ந்து திரவமாகிச் சுவர் வழியே கீழே வழியும். கோடையில் மேல்பகுதி சூடாக இருப்பதால் இந்தச் சுற்று தானாகவே நின்றுவிடும். குளிரை மட்டும் உள்ளே விடும், வெப்பத்தை விடாது. அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்த் தடம் 1977 முதல் இந்த முறையில் தூண்களைக் காப்பாற்றி வருகிறது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் இருக்கின்றன.

கோல்முட்டிலிருந்து லாசா வரை 1,142 கிலோமீட்டர், 2006 ஜூலை 1-ல் திறந்த பாதை. அதில் சுமார் 550 கிலோமீட்டர் உறைநிலம். குழாய் மட்டும் போடவில்லை. மண்கரைக்குள் பெரிய உடைகற்களை ஒரு மீட்டர் அளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று கற்களின் இடைவெளியில் இறங்கிச் சுற்றும், கோடையில் அசையாமல் நிற்கும். மிக மோசமான இடங்களில் தரையைத் தொடாமல் பாலத்திலேயே ரயிலை ஓட்டுகிறார்கள். செலவு அதிகம்தான், ஆனாலும் எங்கள் கருத்தில் அதுதான் நீண்ட நாள் நம்பக்கூடியது. குழாயும் கல்லும் குளிர்காலம் குளிராக இருக்கும்வரைதான் வேலை செய்யும்.

குழாய் கெட்டுப்போனதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எளிது. கடும் குளிர் இரவில் வெப்பப் படக் கேமராவால் பார்த்தால், வேலை செய்யும் குழாயின் மேல்பகுதி சுற்றுக் காற்றைவிடச் சற்றுச் சூடாகத் தெரியும். இருட்டாக இருந்தால் கசிந்திருக்கிறது, அல்லது உள்ளே துருப்பிடித்ததில் உண்டான ஹைட்ரஜன் வாயு உச்சியில் சேர்ந்து ஆவி வரும் வழியை அடைத்திருக்கிறது.

*உத்தராகண்ட் சமோலி, சிக்கிம் அணை, இரண்டும் உறைநிலத்தால்தானா?*
– ராயபுரம்

இரண்டையும் ஒரே கூடையில் போட முடியாது. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் ரோண்டி சிகரத்தின் வடக்கு முகத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் ஐஸும் பெயர்ந்தன. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் பாறை. விழுந்த வேகத்தில் உரசி ஐஸ் உருகிச் சேற்று வெள்ளமானது. ரிஷிகங்கா மின்திட்டம் அழிந்தது, தபோவன் மின்திட்டம் பெரும் சேதமடைந்தது, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். உறைநிலம் சூடானதற்குப் பங்கு இருந்திருக்கலாம். அது ஒன்றே காரணம் என்று சொல்வது சரியல்ல. பாறையின் அமைப்பும் பழைய வெடிப்புகளும் சேர்ந்தே வேலை செய்தன.

சிக்கிமில் தொடர்பு இன்னும் தெளிவு. 2023 அக்டோபர் 3 இரவு தெற்கு லோனாக் ஏரியின் கரையோரம் உறைந்து நின்ற பனியாற்று மண்மேட்டிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை ஏரியின் வாயை உடைத்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் டீஸ்டா-3 திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. அணையின் அருகே உறைநிலமே இல்லை. ஆபத்து பல பத்து கிலோமீட்டர் மேலே உட்கார்ந்திருந்தது. மலையில் எதைக் கட்டுவதானாலும் கட்டும் இடத்தின் மண்ணை மட்டும் சோதித்துவிட்டு அனுமதி கொடுப்பது போதவே போதாது.

*இந்த ஐஸ் உருகினால் நம் கடற்கரை இன்னும் உள்ளே வருமா?*
– திருவொற்றியூர்

மலை உறைநிலத்தால் கடல் மட்டம் குறிப்பிடும்படி உயராது. கடல் மட்டம் உயர்வதற்குக் காரணம் உருகும் பனியாறுகளும் துருவப் பனிப்பாளங்களும், சூடாகி விரியும் கடல்நீரும்தான். நம் கரை அரிப்பில் துறைமுகத் தடுப்புச் சுவர்களுக்கும் பங்குண்டு. அது தனிக் கேள்வி.

*கேதார்நாத்துக்கு ரோப்கார் வரப்போகிறதே. அம்மாவைக் கூட்டிப்போக ஆசை. பாதுகாப்பாகக் கட்ட முடியுமா?*
– பெரம்பூர்

கோயில் இருப்பது 3,583 மீட்டரில். தூண்கள் நிற்கும் மட்டத்தில் உறைநிலம் பெரிய கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது மேலே தெரியும் பாறைச் சுவர்களையும் ஏரிகளையும் பற்றி. சரியான முன்னெச்சரிக்கைக் கருவிகளோடு கட்டினால் தாராளமாகப் போகலாம்.

உறைநிலத்திலேயே ரோப்கார் நிற்கும் இடங்கள் ஆல்ப்ஸில் உண்டு. பிரான்சின் 3,842 மீட்டர் உயர எகுய் து மிதி சிகரத்தின் உச்சிநிலையம் 1955 முதல் இயங்குகிறது. அதன் பாறைக்குள் துளையிட்டு வெப்பம் அளக்கிறார்கள். பக்கத்திலேயே காஸ்மிக் மலைவிடுதிக்கு அடியில் 1998-ல் சுமார் 600 கன மீட்டர் பாறை விழுந்து, விடுதிக்கு முட்டுக் கொடுக்க வேண்டி வந்தது.

அங்கே எது கெடுகிறது என்றால், பெரும்பாலும் கட்டுமானத்தைப் பாறையோடு பிணைக்கும் நங்கூரக் கம்பி. மைனஸ் இரண்டில் இருக்கும் துளைக்குள் சாதாரண சிமென்ட் பால் ஊற்றினால், சிமென்ட் இறுகும் முன்பே அதிலுள்ள தண்ணீர் உறைந்துவிடும். பிறகு இழுத்தால் மாவாக உதிரும். மிக அதிகமாகச் சூடாக்கி ஊற்றினால் சுற்றியுள்ள ஐஸ் உருகி, கலவை வெடிப்புக்குள் ஓடி மறையும். அதனால் குளிருக்கென்று தயாரித்த கலவையை வெதுவெதுப்பாக, கம்பியைச் சுற்றித் துணி உறை போட்டு ஊற்றுகிறார்கள். துளையைத் தண்ணீர் விட்டுத் துளைப்பதில்லை, காற்றழுத்தத்தால் துளைக்கிறார்கள். கம்பியின் நீளம் இன்றைய இளகும் அடுக்கைத் தாண்டினால் போதாது. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டில் அது எவ்வளவு தடிக்கும் என்று கணக்கிட்டு அதற்கும் கீழே போக வேண்டும். தலைப்பகுதியில் இழுவிசை அளக்கும் லோட் செல் வைத்து, தளர்ந்தால் மறுபடி முறுக்க வழி விட வேண்டும். தூண்களை மூன்று புள்ளித் தாங்கியில், திருகித் தூக்கி இறக்கும்படி வைக்கிறார்கள். நிலம் நகரும் என்று ஒப்புக்கொண்டு கட்டுவதே முறை.

அளவீடு உயிர் காக்கும் என்பதற்கு 2025 மே மாதம் சாட்சி. சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்துக்கு மேலே பாறை பனியாற்றின் மீது விழுந்துகொண்டிருந்ததை அளவெடுத்துப் பார்த்து, மே 19 அன்று சுமார் 300 பேரை வெளியேற்றினார்கள். மே 28 அன்று பனியாறு மொத்தமாக இறங்கிக் கிராமத்தின் பெரும்பகுதியை மூடியது. உயிரிழந்தவர் ஒருவர். வெளியேற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. இமயமலைக் கிராமங்களுக்கும் இந்த வசதி கிடைக்க வேண்டும்.

*பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறேன். உறைநிலத்தின் வெப்பத்தை எப்படி அளக்கிறார்கள்? இங்கிருந்தே ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா?*
– கொருக்குப்பேட்டை

முடியும். களத்தில் சுமார் 20 மீட்டர் துளையிட்டு, ஒரே கேபிளில் பல ஆழங்களில் தெர்மிஸ்டர்களை, அதாவது வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்களை, கட்டி இறக்குவார்கள். மேலே நெருக்கமாக அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு, மூன்று என்றும், கீழே ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்றும். பத்து மீட்டருக்குக் கீழே கோடை குளிர் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு. நீண்டகால மாற்றம் தெளிவாகத் தெரிவது அங்கேதான். சுவிட்சர்லாந்தின் கோர்வாட்ச் மலையில் 1987-ல் துளை போட்டுத் தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கிறது. துளையிடக் காசில்லாத இடத்தில், பிப்ரவரி, மார்ச்சில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பனி படிந்திருக்கும்போது அதன் அடித்தரை வெப்பத்தைக் குச்சியால் அளப்பார்கள். மைனஸ் 3-க்குக் கீழே என்றால் உறைநிலம் இருக்க வாய்ப்பு அதிகம், மைனஸ் 2-க்கு மேலே என்றால் குறைவு.

தேவைப்படும் துல்லியம் 0.1 டிகிரி. அதைச் சரிபார்ப்பதை நீ வீட்டிலேயே பழகலாம். ரிச்சி தெருவில் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்று வாங்கு. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுவது, பூஜ்யத்தில் சுமார் 32 கிலோ ஓமுக்கு ஏறும். வகைக்கு வகை சற்று மாறும். பூஜ்யத்தை ஒட்டி ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 5 சதவீதம் மாறுவதால் 0.1 டிகிரி என்பது சுமார் 160 ஓம். இந்த அளவில் 10 ஓம் வரை பிரித்துக் காட்டும் மல்டிமீட்டர் போதும். முப்பது மீட்டர் ஒயரின் சில ஓம் தடை இதில் பொருட்டே இல்லை. 100 ஓம் பிளாட்டினம் சென்சாரில் ஒரு டிகிரிக்கு சுமார் 0.385 ஓம்தான் மாற்றம், அங்கே ஒயர் தடையே அளவைக் கெடுத்துவிடும்.

டிஸ்டில்ட் வாட்டரை உறைய வைத்து, பொடியாக நொறுக்கி, நல்ல ஃப்ளாஸ்க்கில் அடியிலிருந்து வாய்வரை நிரப்பு. இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்று. ஐஸ் மிதக்கிறது என்றால் தண்ணீர் அதிகம், கொஞ்சம் கொட்டிவிடு. தெர்மிஸ்டரின் முனையை நீர் புகாமல் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடி, சுவரையும் அடியையும் தொடாமல் நடுவில் நிறுத்து. அவ்வப்போது கிளறி, இருபது நிமிடம் கழித்து அளவு நகராமல் நின்றதும் குறித்துக்கொள். அதுதான் உன் சென்சாருக்கு பூஜ்யம். மீன் மார்க்கெட் ஐஸை மட்டும் எடுக்காதே. கொஞ்சம் உப்பு கலந்திருந்தாலும் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, நீ குறித்த பூஜ்யமே தப்பாகிவிடும். மூன்று நாள் மூன்று முறை செய்து, மூன்று அளவும் 160 ஓமுக்குள் அடங்குகின்றனவா என்று பார். அடங்கினால் அந்த சென்சார் மலைக்குப் போகலாம்.